மூச்சு விட இடம்

அன்பு மகள் ஜெசிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

போன சனிக்கிழமை எழும்பூர் கிர்க் ஆலயத்தில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஆர்கன் கலைஞர் காலையில் வகுப்பு எடுத்தார், மாலையில் கச்சேரி. சின்ன வயதில் நீ அண்ணாந்து நட்சத்திரம் எண்ணுவாயே, அதே நீலக் கூரை, அதே பதினாறு தூண்கள். பச்சையும் பொன்னுமாக நிற்கும் அந்தக் குழாய் ஆர்கன் 1883இல் வைத்தது. நம் ஆலயத்தின் மின் ஆர்கனிலேயே காலம் தள்ளிய எனக்கு, அதன் முன்னால் உட்காரவே கை நடுங்கியது.

வாசித்தவர்களில் முக்கால்வாசி பிள்ளைகள். ஒரு பையன் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சிறிய முன்னிசை ஒன்றை ஓட்டமாக வாசித்து முடித்தான். அவர் அவனைப் பாராட்டிவிட்டு, முதல் இரண்டு வரியை மட்டும் அரை மணி நேரம் வாசிக்க வைத்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பெரிய உருப்படி எதுவும் தெரியாது, ஆலயத்தில் பாடும் பாமாலைதான் வாசிப்பேன் என்றேன். "அதுதான் கடினம், வாசியுங்கள்" என்றார்.

'ஓல்டு ஹண்ட்ரட்த்' மெட்டை வாசித்தேன். 1551இல் ஜெனீவாவின் வேதாகமச் சங்கீதப் பாட்டுப் புத்தகத்தில் வந்த மெட்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பேன். அவர் நடுக்கூடத்துக்குப் போய் நின்று, என்னோடு சேர்ந்து பாடினார். இரண்டாம் வரியிலேயே அவருக்கு மூச்சு முட்டியது. கையை உயர்த்தி நிறுத்தி, "நான் எங்கே மூச்சு விடுவது?" என்று கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பிறகு பக்கத்தில் வந்து விளக்கினார். வீணையில் மீட்டிய ஒலி தானாகத் தேய்ந்துவிடும், பியானோவிலும் அப்படித்தான். ஆர்கனில் கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் வால்வு திறந்து காற்று ஏறுகிறது. விரலை எடுக்கும்வரை ஒலி குறையவே குறையாது. ஓங்கி அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. அதனால் ஒரு ஸ்வரம் அழுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் இம்மியளவு மௌனம் விட வேண்டும். அந்த மெட்டின் முதல் இரண்டு ஸ்வரங்களும் ஒன்றேதான். இடையில் விரலை எடுக்காவிட்டால் இரண்டும் ஒட்டி ஒரே நீண்ட ஒலியாகிவிடும். நான் இத்தனை வருடமும் அப்படித்தான் ஒட்டவைத்திருக்கிறேன். நாகஸ்வரக்காரர் துத்தகாரத்தில் நாக்கால் ஸ்வரங்களைப் பிரிப்பதை இங்கே விரல் செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் மணிக்கட்டுக்கு அடியில் இரண்டு விரலை வைத்து, வரி முடிந்ததும் மெல்ல உயர்த்தினார். ஒலி நின்றது. மேலே குவிமாடத்தில் ஒரு கணம் அது தங்கியிருந்து, பிறகு அடங்கியது. அதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மூச்சு இழுத்தது என் காதில் விழுந்தது.

ஜெசி, உனக்குப் பன்னிரண்டு வயதில் நீ இதைத்தான் செய்தாய். ஒவ்வொரு வரி முடிவிலும் கையைத் தூக்குவாய். "விடாதே, ஒட்டி வாசி" என்று பென்சிலால் உன் மணிக்கட்டில் தட்டினேன். "எல்லாரும் மூச்சு விடணும்ல அம்மா" என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. தாத்தா எனக்குக் கால்மிதி ஆர்மோனியத்தில் சொல்லிக்கொடுத்தார். கிராமத்துச் சபையார் இழுத்து இழுத்துப் பாடுவார்கள், நீ விட்டால் பாட்டு விழுந்துவிடும் என்பார். அங்கே அது சரி. உன்னிடம் நான் செய்தது தவறு. பதினைந்து வயதில் நீ வாசிப்பதையே விட்டுவிட்டாய். படிப்புச் சுமை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்துவிடு.

மாலைக் கச்சேரியில் அவர், லூபெக் நகர ஆர்கன் கலைஞராக இருந்த புக்ஸ்டெஹூடேயின் டி மைனர் பாசகாலியா என்ற உருப்படியை வாசித்தார். காலால் வாசிக்கும் நாலே தாள அளவு நீளமான அடிமெட்டு 28 முறை வருகிறது, ஏழு ஏழாக நான்கு பகுதி. விரலை மடக்கி எண்ணினேன். மூன்றாம் பகுதியில் எண்ணிக்கை தவறியது, பிறகு எண்ணவில்லை. இந்தப் புக்ஸ்டெஹூடே வாசிப்பதைக் கேட்கத்தான் 1705இல் இருபது வயது பாக், ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்குக்குச் சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். நாலு வாரம் விடுப்பு வாங்கிவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரில்தான் மிஷனரி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்குக் கப்பல் ஏறினார் என்பது வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் நினைவுக்கு வந்து, சிலிர்த்துவிட்டது.

நீ இருப்பது ஹாம்பர்க். அங்கே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் யாக்கோபு ஆலயம் இருக்கிறதாம். ஆர்கன் கட்டும் கலைஞர் ஷ்னிட்கர் 1693இல் கட்டிமுடித்த ஆர்கன், நாலு அடுக்குக் கட்டை, ஒலி மாற்றும் அறுபது ஸ்டாப். போரில் ஆலயம் இடிந்தபோதும், முன்பே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் பழைய குழாய்கள் பிழைத்தன. அங்கே ஆர்கன் வாசிக்கும் பணி 1720இல் காலியானபோது பாக்கே முயன்றாராம். ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய்வா. வாசிக்கச் சொல்லவில்லை, உட்கார்ந்து கேள், போதும்.

உன் பழைய பாமாலைப் புத்தகத்தை நேற்று அலமாரியிலிருந்து எடுத்தேன். வரி முடிவுகளில் நீ பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் காற்புள்ளிகளை நான் ரப்பரால் அழித்திருக்கிறேன். தடம் இன்னும் இருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, தெரிந்த இடத்தில் எல்லாம் மறுபடி போட்டேன். 43ஆம் பக்கத்தில் மட்டும் எங்கே போட்டிருந்தாய் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, நீயே சொல்.

நாரத்தங்காய் ஊறுகாயோடு வியாழக்கிழமை பார்சல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா