மாஸ்கோவில் வாக்குக் கொடுத்த தளபதி

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மாடிப்படிக்கு அவசரப்படாதே. மருத்துவர் சொன்ன பயிற்சியை இரண்டு வேளையும் விடாமல் செய். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தை மாதம் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததால் கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மா மரம்தான் ஏனோ சோர்ந்து நிற்கிறது.

கடிதத்தின் கடைசியில் உன் பேரனின் கேள்வியை எழுதியிருந்தாய். கணினி விளையாட்டில், முதுகில் இறக்கை கட்டிக்கொண்டு குதிரையில் வரும் போலந்து வீரர்களைப் பார்த்தானாம். அவர்கள் நிஜமாகவே இருந்தார்களா, அவர்களுக்குத் தளபதி யார் என்று கேட்டானாம். ஓய்வு பெற்ற பிறகு நான் போலந்து வரலாற்றில் மூழ்கிக் கிடப்பது உனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்.

இருந்தார்கள். ஹுஸார் என்று பெயர். கையில் சுமார் 5 மீட்டர் நீள ஈட்டி இருக்கும். பாரம் குறைவதற்காக அதன் உள்ளே குடைந்திருப்பார்கள். மரச்சட்டத்தில் இறகு செருகிய அந்த இறக்கையைப் போரிலும் அணிந்தார்களா, அணிவகுப்பில் மட்டும்தானா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஒரு முடிவு வரவில்லை. அவர்களை நடத்தியவர்கள் பல பேர். அவர்களில் என் மனதைப் பிடித்துக்கொண்டவர் ஸ்தானிஸ்வாவ் ஜூவ்கியெவ்ஸ்கி. உனக்கு இவரைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1588-ல் பிச்சினா என்ற இடத்தில் நடந்த போரில் இவருக்கு முழங்காலில் காயம் பட்டது. அதற்குப் பிறகு கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அந்தக் காலோடுதான் மாஸ்கோ வரை போனார்.

1547-ல், இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்துக்குப் பக்கத்தில் துரின்கா என்ற ஊரில் பிறந்தவர். அன்றைய போலந்து-லித்துவேனியா ஒரு விசித்திரமான அரசு. மன்னரைப் பிரபுக்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள், வரி போடுவதற்கும் அவர்களுடைய சபையின் சம்மதம் வேண்டும். படைக்குத் தலைவர் ஹெட்மன். அதில் பெரிய ஹெட்மன், அவருக்குக் கீழே களத்து ஹெட்மன் என்று இரண்டு படி. ஜூவ்கியெவ்ஸ்கிக்கு ஆசானாக இருந்து வழிகாட்டியவர் யான் ஜமோய்ஸ்கி. பிச்சினாவில் காயம்பட்ட அதே ஆண்டில் இவர் களத்து ஹெட்மன் ஆனார். 1605-ல் ஜமோய்ஸ்கி இறந்த பிறகு பெரிய பதவி பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. பொறுப்பு முழுவதும் இவர் தலையில் விழுந்தது, பட்டம் வந்தது என்னவோ 1618-ல்தான். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

இனி, ரஷ்யாவின் கிளூஷினோ கிராமத்தில் நடந்த போர். உன் பேரனுக்கு இந்தப் பகுதியைக் கதை மாதிரி சொல். 1610, ஜூலை 4. போலந்து மன்னர் மூன்றாம் ஜிக்மொண்ட் ஸ்மோலென்ஸ்க் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். அதைக் காப்பாற்ற ரஷ்யப் பேரரசர் வாசிலி ஷூய்ஸ்கி தன் தம்பி திமித்ரியின் தலைமையில் ஒரு பெரும் படையை அனுப்பினார். 30,000 பேருக்கு மேல். அதில் சில ஆயிரம் பேர் ஸ்வீடன் தளபதி யாகோப் டெ லா கார்டியின் கீழ் வந்த கூலிப்படையினர். ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் என்று கலவையான கூட்டம். ஜூவ்கியெவ்ஸ்கி ஏற்கெனவே வேறொரு ரஷ்யப் பிரிவை வளைத்து வைத்திருந்தார். அதற்குக் காவலாக ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டு, வளைபட்டவர்களுக்குத் தெரியாமல் சுமார் 6,500 பேரோடு இரவோடு இரவாகக் காட்டுப் பாதையில் புறப்பட்டார். காலாட்படை 200 பேர். பீரங்கி இரண்டு. அவையும் காட்டுச் சேற்றில் சிக்கிப் பின்தங்கிவிட்டன.

விடியும் நேரத்தில் எதிரியின் முகாம் தெரிந்தபோது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உடனே பாய முடியவில்லை. பின்னால் வரும் படை வந்து சேரவில்லை. முன்னால் ஒரு கிராமமும் நீளமான மரவேலிகளும் வழியை அடைத்து நின்றன. வேலியில் சில இடங்களைத்தான் உடைக்க முடிந்தது. அந்த இடைவெளி வழியாகவே ஹுஸார்கள் திரும்பத் திரும்பப் பாய்ந்தார்கள். சில பிரிவுகள் எட்டு, பத்து முறை. ஈட்டி முறிந்த பிறகு வாளோடு. ஐந்து மணி நேரம் இப்படியே போயிற்று. பின்தங்கிய பீரங்கிகள் வந்து வேலியைத் தகர்த்த பிறகு எதிர்ப்பக்கத்துக் குதிரைப்படை உடைந்து ஓடியது. மிச்சம் இருந்த கூலிப்படையினர் வேலிக்கும் காட்டுக்கும் நடுவில் உறுதியாக நின்றார்கள். அவர்களைத் தாக்கியிருந்தால் இவர் பக்கத்தில் பாதிப்பேர் மிஞ்சியிருக்க மாட்டார்கள். ஜூவ்கியெவ்ஸ்கி பேச்சு நடத்தினார். அவர்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தது, மனம் கசந்து போயிருந்தார்கள். உயிருக்கும் உடைமைக்கும் உறுதி கொடுத்தார். சிலர் நாடு திரும்பினார்கள், பலர் இவர் பக்கமே சேர்ந்துகொண்டார்கள்.

விளையாட்டில் உன் பேரனுக்குக் காட்டுவது இப்படிப்பட்ட பாய்ச்சலைத்தான். எனக்கு அதைவிட முக்கியம் அந்தப் பேச்சும், அதற்கு அடுத்த இரண்டு மாதமும்.

ஷூய்ஸ்கியை மாஸ்கோக்காரர்களே பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஜூவ்கியெவ்ஸ்கி சிறு படையோடு மாஸ்கோவின் வாசலில் நின்றார். நகரத்தைச் சுட்டு எரித்துப் பிடிக்க அவரிடம் ஆள் பலம் இல்லை. விருப்பமும் இல்லை. ரஷ்யப் பிரபுக்களோடு உட்கார்ந்து பேசி, ஆகஸ்டு முடிவதற்குள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார். மன்னரின் மகன், பதினைந்து வயது வ்வாதிஸ்வாவ், ரஷ்யாவின் பேரரசர் ஆகலாம். ஆனால் ரஷ்யர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு, வழக்கத்துக்கு, சொத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது. இதற்கு இரு பக்கமும் சத்தியம் செய்தார்கள். அக்டோபரில் போலந்துப் படை கிரெம்ளினுக்குள் நுழைந்தது. சண்டை போட்டு அல்ல, கதவு திறந்துவிடப்பட்டு. அங்கே தன் வீரர்கள் ஊர்க்காரர்களிடம் அத்துமீறினால் அவர் கடுமையாகத் தண்டித்தார்.

வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தவர் மன்னர். மகனுக்கு அல்ல, அந்த அரியணை தனக்கே வேண்டும் என்றார். கத்தோலிக்கரான அவரை ஏற்க ரஷ்யர்கள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஜூவ்கியெவ்ஸ்கி ஸ்மோலென்ஸ்குக்கே நேரில் போய் எடுத்துச் சொன்னார். மன்னர் கேட்கவில்லை. உடன்படிக்கையை உறுதிப்படுத்த ஸ்மோலென்ஸ்குக்கு வந்த ரஷ்யத் தூதுக்குழுவைச் சிறை வைத்தார்கள். மாஸ்கோவில் விட்டுவந்த காவல் படை ஊரின் எதிர்ப்பில் மாட்டிக்கொண்டு, 1612 இறுதியில் பட்டினியில் சரணடைந்தது. நவம்பர் 4-ஐ ரஷ்யர்கள் இன்று தேசிய ஒற்றுமை நாளாகக் கொண்டாடுகிறார்களே, அது அந்தப் படையை விரட்டியதன் நினைவுதான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஆலை வேலைநிறுத்தம் நினைவுக்கு வந்தது. மூன்று இரவு உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை, மறுநாள் காலையில் மேலே இருந்தவர்கள் செல்லாது என்று சொன்னார்கள். வெளியே காத்திருந்த தொழிலாளர்களிடம் நீதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. உன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கொடுத்த வாக்கை மேலே இருப்பவர் உடைக்கும்போது, வாக்குக் கொடுத்தவன் ஊரார் முகத்தில் எப்படி விழிப்பான்?

1611 அக்டோபர் 29-ல் வார்சா அரண்மனையில் ஷூய்ஸ்கி சகோதரர்களை மன்னர் முன்னால் நிறுத்தினார்கள். பேரரசராக இருந்தவர் தலை குனிந்து நின்றார். அந்த வெற்றி விழாவின் நாயகன் ஜூவ்கியெவ்ஸ்கி. ஆனால் அவர் பேசியது அதிர்ஷ்டத்தின் நிலையாமையைப் பற்றி. கைதிகளிடம் இரக்கம் காட்டும்படி மன்னரைக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த ரஷ்யப் போரின் வரலாற்றைத் தன் கையாலேயே எழுதி வைத்தார். அதில் தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘ஹெட்மன்’ என்றே குறிப்பிடுகிறார்.

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் நீ என்னை நம்ப மாட்டாய். 1596-ல் நலிவைக்கோ தலைமையில் உக்ரைன் புல்வெளிப் போர்வீரர்களான கொசாக்குகள் கிளர்ந்தபோது அதை அடக்கியவர் இவர்தான். லுப்னி ஊருக்குப் பக்கத்தில் சோலோனிட்சா என்ற இடத்தில் அவர்கள் பெண்கள், குழந்தைகளோடு வளைக்கப்பட்டார்கள். தலைவர்களைப் பிடித்துக் கொடுத்து அவர்கள் சரணடைந்த பிறகும் இவருடைய படை அவர்கள்மேல் பாய்ந்து கொன்றது. நலிவைக்கோவை அடுத்த ஆண்டு வார்சாவில் கொன்றார்கள். உக்ரைனில் அந்தக் காயம் தலைமுறைகளுக்கு ஆறவில்லை. மாஸ்கோவில் வாக்கைக் காக்கப் போராடிய மனிதர் சோலோனிட்சாவில் தன் படையைத் தடுத்து நிறுத்தவில்லை. பதினான்கு ஆண்டுகளில் அவர் மாறினாரா, அல்லது இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே மனிதர்தானா? எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அப்புறம் கடைசிக் காலம். தெற்கே ஒட்டோமான் பேரரசு. 1617-ல் அதன் தளபதி இஸ்கந்தர் பாஷா பெரிய படையோடு வந்தபோது, ஜூவ்கியெவ்ஸ்கி சண்டை போடாமல் புஷா என்ற இடத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். பிரபுக்கள் சபையில் அதற்காக ஏச்சு வாங்கினார். அடுத்த ஆண்டு தெற்குப் புல்வெளிக் குதிரைவீரர்களான தாத்தார்களின் சூறையாடலைத் தடுக்கவில்லை என்று மறுபடியும் ஏச்சு. வயதானவர், பயந்துவிட்டார் என்றெல்லாம் பேசினார்கள். தேவையான படையையும் பணத்தையும் தராதவர்களே அப்படிப் பேசினார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

1620-ல் 73 வயதில், ஒட்டோமான் சுல்தானுக்குக் கீழ்ப்பட்டிருந்த மொல்தாவியாவுக்குள் போனார். அங்கே ஆட்சியில் இருந்த காஸ்பர் கிராட்சியானி சுல்தானுக்கு எதிராகத் திரும்பி, ஆயிரக்கணக்கில் ஆள் தருவதாகச் சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தது சில நூறு பேர். ஜூவ்கியெவ்ஸ்கியிடம் இருந்தது மொத்தமாகச் சுமார் 9,000 பேர். எதிரே அதே இஸ்கந்தர் பாஷா, தாத்தார் குதிரைப்படையோடு. செப்டம்பரில் செட்சோராவில் நடந்த போர் தோல்வி. அதன் பிறகு முகாமில் குழப்பம். சில பெரிய பிரபுக்கள் இரவில் ஆற்றைக் கடந்து ஓடினார்கள், கிராட்சியானியும் ஓடினார். அந்தக் குழப்பத்தில் படையாட்களும் வேலையாட்களும் தங்கள் முகாமையே கொள்ளையடித்தார்கள்.

மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு அந்தக் கிழவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வண்டிகளைச் சங்கிலியால் வரிசையாகப் பிணைத்து, நடுவில் ஆட்களை வைத்து, நகரும் கோட்டை மாதிரி ஆக்கினார். செப்டம்பர் 29-ல் கிளம்பினார்கள். எட்டு நாள். பகலில் வெயில், சுற்றிலும் எரிந்துபோன புல்வெளி, ஓயாத தாக்குதல். ஆனாலும் சுவர் உடையவில்லை. தனியேஸ்தர் நதி பக்கத்தில் வந்துவிட்டது, நதியைத் தாண்டினால் சொந்த மண். அங்கேதான் எல்லாம் முடிந்தது. முகாமைக் கொள்ளையடித்தவர்களுக்கு, ஊர் சேர்ந்ததும் தண்டனை கிடைக்கும் என்று பயம். இரவில் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். வரிசை குலைந்தது. தாத்தார்கள் உள்ளே புகுந்தார்கள்.

தப்பிக்கச் சொல்லி ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதை வாளால் வெட்டிவிட்டு ஆட்களோடு நின்றார் என்று சொல்வார்கள். அக்டோபர் 7-ஆம் தேதிக்குள் எல்லாம் முடிந்தது. அவருடைய தலையைச் சுல்தான் இரண்டாம் உஸ்மானுக்கு அனுப்பினார்கள். மகன் யான் கைதியானார். களத்து ஹெட்மன் கொனியெட்ஸ்போல்ஸ்கியும் கைதி. ஜூவ்கியெவ்ஸ்கியின் மனைவி ரெகினா பணம் கொடுத்துக் கணவனின் தலையை மீட்டு, மகனையும் மீட்டார். மகன் அதிக நாள் இருக்கவில்லை, 1623-ல் காலமானார்.

ஜூவ்கியெவ்ஸ்கியை அடக்கம் செய்தது அவரே கட்டிய ஊரில். ஜூவ்கியெவ் என்று தன் குடும்பப் பெயரையே வைத்து, இத்தாலியப் பாணியில் சதுக்கமும் கோட்டையும் தேவாலயமுமாக அமைத்த ஊர் அது. 1603-ல் நகர உரிமை பெற்றது. சோவியத் காலத்தில் 1951-லிருந்து 1992 வரை ஒரு விமானியின் பெயரால் நெஸ்தெரோவ் என்று இருந்தது. இப்போது உக்ரைனில் ஜோவ்க்வா. அங்கே தேவாலயத்தில் அந்தக் குடும்பக் கல்லறையில் பழைய லத்தீன் கவிதை வரி ஒன்று உண்டு: ‘எங்கள் எலும்பிலிருந்து பழி தீர்க்க ஒருவன் எழட்டும்.’ அவருடைய பேத்தி தெயோஃபிலா தன் பிள்ளைகளை அந்தக் கல்லறைக்கு அழைத்துப் போவாராம். பிள்ளைகளில் ஒருவர்தான் யான் சோபியெஸ்கி. 1683-ல் வியன்னாவை முற்றுகையிலிருந்து விடுவித்த போலந்து மன்னர். அன்று மலைச்சரிவிலிருந்து இறங்கியதும் இதே ஹுஸார்கள்தான். உன் பேரனின் விளையாட்டில் அநேகமாக அந்தக் காட்சிதான் இருக்கும்.

எனக்கு அந்தக் கல்லறை வரி முழுமையாக ஒட்டவில்லை. பழி தீர்க்கச் சொல்லும் வரி அது. அவர் தன் வாழ்நாளில் எழுதிய நல்ல வரிகள் 1610 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வெளியே ஒரு காகிதத்தில் இருந்தன. அதைத்தான் யாரும் கல்லில் வெட்டவில்லை.

சரி, கை வலிக்கிறது. பேரனுக்காகக் கிளூஷினோவின் வரைபடம் ஒன்றைப் பென்சிலால் வரைந்து இதனோடு வைத்திருக்கிறேன். வேலி எங்கே, கிராமம் எங்கே, பீரங்கி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குறித்திருக்கிறேன். சோலோனிட்சாவைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் எழுத மறந்துவிடாதே. கால் சரியானதும் பொங்கலுக்கு இங்கே வந்துவிடு. கீழ் அறையிலேயே உனக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன், படி ஏற வேண்டாம்.

என்றும் உன்
பழைய அறைத்தோழன்