பழைய பெடல் ஸ்டீலை நாங்கள் ஏன் கைவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், பழைய பொருள்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பழைய கேமரா, பழைய கடிகாரம், பழைய கிட்டார் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு, இது காசு உள்ளவர்களின் மோகம், கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் ஆசை என்று எழுதியிருந்தார்கள். கேமராவையும் கடிகாரத்தையும் பற்றி எனக்குத் தெரியாது. பெடல் ஸ்டீல் கிட்டார் விஷயத்தில் அது சரியில்லை. பதினெட்டு வருஷமாகப் பழைய பெடல் ஸ்டீல் ஒன்றை வாசித்துவருகிறவன், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பூரில் வளர்ந்தவன். ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள். சனிக்கிழமை சாயங்காலமானால் அவர்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகள் ஓடும். பாடுகிறவரின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் வழுக்கிக்கொண்டே போகும். வயலினா, இன்னொருவர் பாடுகிறாரா என்று சிறுவனாக நான் குழம்பியிருக்கிறேன். லேத் வேலை கற்றுக்கொண்டு, 1999-ல் டென்னசி மாநிலத்துக்கு வந்து, கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் அருகே ஒரு வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கண்ணால் பார்த்தேன்.

கருவியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெடல் ஸ்டீல், நாலு கால் மேஜை போல நிற்கும். மேலே 10 தந்திகள். விரலால் அழுத்தி வாசிப்பதில்லை. இடது கையில் வழவழவென்று ஒரு எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்த வேண்டும். வலது கையில் கட்டைவிரலிலும் இரண்டு விரல்களிலும் பிக் என்கிற மீட்டுநகங்களை மாட்டிக்கொண்டு மீட்ட வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிதி வலது காலுக்கு. தந்திகளின் சுருதியை மாற்றும் மிதிகள் இடது காலுக்கு. முழங்கால்களுக்கும் வேலை உண்டு: அடியில் தொங்கும் லீவர்களை இப்படியும் அப்படியும் தள்ள வேண்டும்.

நாஷ்வில்காரர்கள் வைத்துக்கொள்ளும் சுருதி அமைப்புக்கு ஈ-நைன் என்று பெயர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிது. ஈ தந்தியை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். எதையும் மிதிக்காமல் மீட்டினால் ஸ, க, ப. 'ஏ' மிதியை அழுத்தினால் பஞ்சமம் தைவதத்துக்கு ஏறும். 'பி' மிதியை அழுத்தினால் காந்தாரம் மத்யமத்துக்கு ஏறும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஸ, ம, த. ஸட்ஜம் அசையாமல் நிற்க, பக்கத்தில் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக வழுக்கி மேலே போகின்றன. பெரம்பூரில் நான் கேட்ட அந்த அழுகை இதுதான். முதல் தடவை என் காலால் அதை மிதித்துக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இந்த வித்தை பிரபலமானது 1954-ல். ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்குக்கு என்பவரிடமிருந்து தொடங்கிய ஸ்டீல் கிட்டார், மடியில் வைத்து வாசிப்பதாகத்தான் ரொம்ப காலம் இருந்தது. (அதன் வழியில் வந்த ஒரு கிளை நம் நாட்டிலும் தழைத்தது. 1994-ல் கிராமி விருது பெற்ற விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணை அந்த வம்சம்தான்.) மிதிகளும் 1954-க்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் வெப் பியர்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் பாடிய ஒரு பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் மிதியை அழுத்திக் காட்டினார். அதற்குப் பிறகு ஸ்டீல் வாசிக்கிறவர்கள் எல்லோரும் மிதி வேண்டும் என்று அலைந்தார்கள். ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் என்ற இரண்டு வாத்தியக்காரர்கள் நாஷ்வில்லில் சேர்ந்து கருவி செய்யத் தொடங்கினார்கள். இருவர் பெயரையும் ஒட்டித்தான் ஷோ-பட். பிராட்வே தெருவில் ரைமன் அரங்கத்துக்குப் பின்புறம் அவர்களுடைய கடை இருந்தது. இன்று அதே கட்டடத்தில் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்கிற இசைவிடுதி நடக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அங்கே கூட்டிப்போவேன்.

என்னிடம் இருப்பதும் ஒரு ஷோ-பட்தான். மேவரிக் என்ற மாடல், எழுபதுகளில் செய்தது. கற்றுக்கொள்கிறவர்களுக்காக மலிவாகச் செய்த கருவி: மூன்று மிதி, ஒரே ஒரு முழங்கால் லீவர். மேலே இருப்பது பளபளக்கும் மேப்பிள் மரம்கூட இல்லை. மரத்தின் ரேகை அச்சிட்ட ஒட்டுக்காகிதம். 2007-ல் ஒரு அடகுக்கடையில் 550 டாலருக்கு வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் புகையிலை வாசனை அடித்தது. இது யாருக்கும் முதலீடு ஆகாது, அலமாரியில் வைக்கிற அழகும் இதற்கு இல்லை.

வாங்கி மூன்றாவது வருஷம், முன்னாள் படைவீரர்கள் கூடும் ஒரு மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பாட்டின் நடுவில் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். முழங்கால் லீவர் என் கால்மேல் விழுந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட் இரண்டாகப் போயிருந்தது. துத்தநாகம் கலந்து வார்த்த மட்டமான உலோகம். உடைந்த இடம் ரவை மாதிரி மணல்மணலாக இருந்தது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினேன். "இதற்குப் பாகம் கிடையாது, விற்றுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார்கள். ஷோ-பட் தயாரிப்பே எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றுபோனது. கடைக்காரர் சொன்னது தப்பில்லை.

ஆனால் நான் லேத்காரன். உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து வெர்னியரால் அளந்தேன். ஷிப்ட் முடிந்த பிறகு, மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு பித்தளைக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தேன். மூன்று ராத்திரி ஆனது. முதலில் செய்ததில் துளை இம்மி இறுகலாக இருந்ததால் லீவர் திரும்பி வரவில்லை. இரண்டாவது துண்டு சரியாக அமைந்தது. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

அதைப் பூட்டுவதற்காகக் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தபோதுதான், எனக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உள்பக்க மரத்தில் பென்சிலால் மூன்று எழுத்து: சி, பி, ஏ. லீவரில் முழங்கால் படும் இடத்தில் இடுப்பு பெல்ட்டிலிருந்து வெட்டிய ஒரு தோல் துண்டு ஒட்டியிருந்தது. அது ஒரு பக்கம் மட்டும் குழிந்து தேய்ந்திருந்தது. என் முழங்கால் படும் இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே. என்னைவிடக் குட்டையானவர்.

அந்த மூன்று எழுத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மிதிகளை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று வைப்பது எம்மன்ஸ் முறை. பெரும்பாலோர் அப்படித்தான் வைக்கிறார்கள். சி, பி, ஏ என்று திருப்பி வைப்பது ஜிம்மி டே என்ற மேதையின் முறை. (தன் நீலநிறக் கிட்டாருக்கு 'ப்ளூ டார்லின்' என்று செல்லப் பெயர் வைத்திருந்த மனிதர் அவர்.) என் கருவி டே முறையில் இருந்தது. அது தெரியாமலே மூன்று வருஷம் அதில் பழகிவிட்டேன். என் கணுக்கால் சாயும் திசையே, நான் முகம் பார்த்திராத ஒருவர் எப்போதோ எடுத்த முடிவு.

நான்கு வருஷத்துக்கு முன் நண்பர் ஒருவர் தன்னுடைய புதிய பெடல் ஸ்டீலை இரண்டு வாரம் வைத்து வாசிக்கக் கொடுத்தார். அருமையான கருவி. எடை குறைவு, மிதி வெண்ணெய் மாதிரி இறங்கும். மிதி வரிசை எம்மன்ஸ் முறையில் இருந்தது. என் கால் தடுமாறியது. சரி, வரிசையை மாற்றுவது ஒரு நாள் வேலை. மாற்றிக்கொண்டேன். அப்புறமும் சுருதி சேரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

பழைய கருவிகளில் மிதியை அழுத்தும்போது, அந்த இழுப்பில் மரப்பெட்டியே மயிரிழை வளையும். அதனால் மாறக் கூடாத தந்திகளும் கொஞ்சம் இறங்கிவிடும். ஸ, ம, த என்று மிதிக்கும்போது அந்த ஸட்ஜம் இம்மி தாழும். இது குறைதான், மறுக்கவில்லை. புதிய கருவிகளில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ஆனால் என் மேவரிக்கில் மிதி இறங்கும் அதே நொடியில் என் இடது கை உருளையை ஒரு இழை முன்னால் தள்ளிக்கொள்ளும். நான் தள்ளுவது எனக்கே தெரியாது. புதிய கருவியில் பெட்டி வளையவில்லை, என் கை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. குறை இல்லாத கருவியில் என் சுருதி கூடிப்போயிற்று.

கட்டுரை எழுதியவர் இதைத்தான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தக் கருவியோடு இரண்டு கை, இரண்டு கால், முழங்கால், காது எல்லாம் சேர்ந்து பழகுகின்றன. பழகுகிற அந்த வருஷங்களில் கருவியையும் நமக்குத் தகுந்தபடி திருத்திக்கொண்டே வருகிறோம். பெரிய கம்பெனிகள் இந்தப் பக்கம் அதிகம் வந்ததில்லை. சின்னப் பட்டறைகளில் செய்த பொருள். செய்தவர் காலமாகிவிட்டால், பாகத்தை வாசிக்கிறவரே செய்துகொள்ள வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு இப்போது 81 வயது. 1967-ல், 23 வயதில், புதிதாக வாங்கிய எம்மன்ஸ் கிட்டாரைத்தான் இன்றும் வாசிக்கிறார். பட்டி எம்மன்ஸ் ஷோ-பட்டை விட்டு வெளியே வந்து தொடங்கிய கம்பெனியின் கருவி. புஷ்-புல் என்பார்கள். தந்தியைத் தள்ளியும் இழுத்தும் சுருதி மாற்றும் அந்த அமைப்பைச் சரியாக முடுக்கிவைப்பது பெரும்பாடு; ஒரு திருகைத் தொட்டால் இன்னொன்று கலையும். ஆனால் அந்த நாதத்துக்காகவே பலர் அதை விட மறுக்கிறார்கள். இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்று பல ஆயிரம் டாலர் போகும். அவரிடமும் கேட்டு வருகிறார்கள். போன வருஷம் அவருக்கு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கால் முன்போல வெளிப்பக்கம் திரும்பவில்லை. லீவரைத் தொட முடியாமல், பத்து நாள் கிட்டாரை மூடியே வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் தரையில் படுத்துக்கொண்டு, அந்த லீவரை அரை அங்குலம் உள்ளே நகர்த்திப் பூட்டினோம். எழுந்து உட்கார்ந்து முழங்காலை மெல்ல நகர்த்தினார், தொட்டது. "இது என்னோடு 57 வருஷம் இருந்திருக்கிறது, இதுகூட நகரமாட்டேன் என்றா சொல்லும்?" என்றார்.

விலை ஏறியதால் சில அருமையான கருவிகள், முக்கியமாகக் கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி தன் கையால் செய்த சொற்பக் கருவிகள், வாசிக்காதவர்கள் கைக்குப் போய்ப் பூட்டிக் கிடப்பது உண்மை. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அந்த அளவுக்கு உங்கள் கட்டுரையோடு ஒத்துப்போகிறேன்.

உங்கள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரம்பூரிலோ பரங்கிமலையிலோ, அந்தக் காலத்தில் கச்சேரிக்கும் சினிமாவுக்கும் வாசித்தவர்கள் வீட்டுப் பரணில், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஏதாவது கிடக்கலாம். தந்தி துருப்பிடித்திருக்கும், வயர் அறுந்திருக்கும். தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தந்திகளைத் தளர்த்திவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். மரத்தில் எண்ணெய் பூச வேண்டாம். சுருதித் திருகாணிகள் இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் பொறுத்துத் திருப்பிப் பாருங்கள். பிரிப்பதற்கு முன்னால் அடிப்பக்கத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள், யாராவது பென்சிலால் எழுதிவைத்திருக்கலாம்.

அன்புடன்,
பெரம்பூர் வாசகர் ஒருவர்,
நாஷ்வில், டென்னசி