களக்குறிப்புத் தாளுக்கே மதிப்பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகளில் சூழலியல் களப்பணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள் என்பதோடு நின்றுவிட்டது. போய் வந்த பிறகு எதற்கு மதிப்பெண் போடுவது என்பதில்தான் சிக்கலே. 1991-இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, கூடவே சார்ட் பேப்பரும் தெர்மாகோல் மலையும் வந்தன. தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தபோது 100-க்கு 40 மதிப்பெண்ணை, பருவம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கி, அதில் பாதியைச் செயல்பாடுகளுக்கு என்றார்கள். அந்த 20-இல் எத்தனை, பெற்றோர் இரவில் உட்கார்ந்து ஒட்டிய அட்டைக்குப் போனது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

சி.பி.எஸ்.இ. 12-ஆம் வகுப்பு உயிரியல் செய்முறையில் குவாட்ரட் முறை இருக்கிறது. ஒரு மீட்டர் சதுரம் போட்டு உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுவது, அவ்வளவுதான். வகுப்பில் நாற்பது பேர் ரெக்கார்டு நோட்டிலும் ஒரே எண்கள் இருந்தால் யாரும் மைதானத்துக்குப் போகவில்லை என்று பொருள். ஆகவே என் யோசனை: களத்தில் பென்சிலால் எழுதிய தாளை அன்றே வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கும் களத்தில் செய்த வேலைக்கும் மட்டும் மதிப்பெண் போடுங்கள். மண் ஒட்டியிருந்தாலும் அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை. ரெக்கார்டு நோட்டுக்குச் சுழி.

எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்புக்கும் பொருந்தும் ஒரு கேள்வி: வேப்பமர நிழலிலும் திறந்தவெளியிலும் ஒரே செடிகளா முளைத்திருக்கின்றன? ஐந்து பேர் ஒரு குழு. ஒரு குழு நிழலில் ஐந்து சதுரம், இன்னொரு குழு வெயிலில் ஐந்து சதுரம். பிறகு இரண்டையும் சேர்த்துக் கணக்கு. முதல் சதுரத்துக்கு இருபது நிமிடம் ஆகும், கை பழகியதும் எட்டு நிமிடம் போதும். அடுத்தடுத்து இரண்டு பீரியட் கிடைத்தால் முடிந்துவிடும். எண்ணுபவரையும் எழுதுபவரையும் சதுரத்துக்குச் சதுரம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளை கடைசிவரை குமாஸ்தாவாகவே இருந்துவிடும்.

இதற்கு மொத்தம் 20 மதிப்பெண் என்று வைத்தால், அதில் 4 சதுரம் போடுவதற்கு. நான்கு முளைக்குச்சியில் கயிறு கட்டினால் பக்கங்கள் சரியாக ஒரு மீட்டர் இருந்தும் வடிவம் சாய்ந்து போகும். ஒரு மூலை 60 பாகைக்குச் சாய்ந்தால் பரப்பில் 13 சதவீதம் போய்விடும். இரண்டு மூலைவிட்டங்களும் 141 செ.மீ. இருக்கின்றனவா என்று பிள்ளைகளாகவே அளந்து பார்த்தால் மதிப்பெண் கொடுக்கலாம். இடத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். 20 மீட்டருக்கு 10 மீட்டர் நிலம் என்றால் நீளத்துக்கு 0 முதல் 19 வரை, அகலத்துக்கு 0 முதல் 9 வரை சீட்டு. தோளுக்குப் பின்னால் குச்சியை வீசி விழுந்த இடத்தில் போடும் வழக்கம் கூடாது. நெருஞ்சி முள் உள்ள பக்கம் யாரும் வீசுவதில்லை, அப்புறம் தாளில் மட்டும் நெருஞ்சி எப்படி வரும்?

இன்னொரு 4, எண்ணிக்கைக்கு. ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு சதுரத்தை மட்டும் ஆசிரியர் மறுபடி எண்ணினால் போதும். பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் முழு மதிப்பெண். ஓரத்துச் செடிகளில்தான் சண்டை வரும். வேர் உள்ளே இருந்தால் கணக்கில் உண்டு. கயிற்றின் மேலேயே இருந்தால் இடது, மேல் பக்கங்களில் சேர்க்கவும், மற்ற இரண்டு பக்கங்களில் விடவும். அருகம்புல்லை எண்ணவே முடியாது, ஓடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுவதால் எது ஒரு செடி என்று சொல்ல இயலாது. அதற்கு, சதுரத்தை 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டி 100 கட்டங்களாக்கி, புல் பாதிக்கு மேல் மூடிய கட்டங்களை எண்ணுவதே வழி.

களக்குறிப்புக்கு 6. இங்கே செடியின் பெயருக்கு மதிப்பெண் வைக்காதீர்கள். வைத்தால் பெயர் தெரிந்த ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். “செடி இ: தரையோடு படர்கிறது, இலைகள் எதிரெதிரே, தண்டைக் கிள்ளினால் பால்” என்று எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது. அது அம்மான் பச்சரிசி என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மீதி 6 விளக்கத்துக்கு, தனித்தனியாக, குழுவாக அல்ல. எடுத்துக்காட்டாக, பத்துச் சதுரங்களில் நெருஞ்சி மொத்தம் 18, ஆறு சதுரங்களில் இருந்தது என்று வையுங்கள். மூக்கிரட்டையும் 18, ஆனால் இரண்டே சதுரங்களில். இரண்டுக்கும் அடர்த்தி சதுர மீட்டருக்கு 1.8. தென்பட்ட சதுரங்களோ ஒன்றுக்கு 60 சதவீதம், மற்றதற்கு 20. வகுத்துப் பார்த்துவிட்டு இரண்டும் சமம் என்று எழுதும் பிள்ளைக்குச் சூத்திரம் மட்டும் தெரியும். மூக்கிரட்டை ஏன் ஓரிடத்தில் கும்பலாக நிற்கிறது, குழாயடி ஈரமா, விதை உதிர்ந்த இடமா, அதைச் சோதிக்க அடுத்து எங்கே சதுரம் போடுவாய் என்று அந்த இடத்திலேயே நின்று இரண்டு நிமிடம் கேளுங்கள். பதிலைப் பக்கத்துத் தாளில் பார்த்து எழுத முடியாது. நாற்பது பேரிடமும் ஒரே நாளில் கேட்க நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு குழு என்று வைத்துக்கொள்ளலாம்.

பார்த்தீனியம் மண்டிய இடத்தைத் தவிர்க்கவும், சில பிள்ளைகளுக்குத் தோல் தடித்துவிடும். சதுரத்துக்குள் கை வைக்குமுன் குச்சியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் நடைபாதையை ஒட்டிய நிலத் துண்டையும் ஆய்வு நிலத்தில் சேர்த்துவிடலாம். செடி எதையும் பிடுங்கத் தேவையில்லை.

கல்வித்துறைக்கு ஒரு வேண்டுகோள். இந்த மதிப்பெண்ணை ஆண்டுக் கடைசியில் கேட்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து இரண்டு மூன்று வாரத்தில், அதாவது நவம்பரில், மைதானம் முழுக்கச் செடி இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடலாம். மார்ச்சில் பெரும்பாலான பள்ளிகளில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது, ரெக்கார்டு நோட்டில் மட்டும் அடர்த்தி 1.8 என்று இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்