ஃபேனை அமர்த்தித் தந்த அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள மதுரை மக்களுக்கு வணக்கம்.

எங்கள் நாடகக் குழு பேசிவைத்த அரங்கம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனதும் அதற்குப் பிறகு பட்ட அலைச்சலும் ஊரறிந்த கதை. அதைத் திரும்பக் கிளறுவதாக இல்லை. செல்லூர்ப் பக்கத்துச் சமுதாயக் கூடத்தில் ஆறு புதிய குறுநாடகங்களும் தனிநடிப்புகளும் அறிவித்த தேதியிலேயே நடந்தன. வாசல்படி வரைக்கும் ஆள். அந்தச் சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி கூடத்தின் ஒயர்மேன் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: வேண்டிய நேரத்தில் ஃபேனை அணைத்து அமர்த்தினார். இதற்கா இத்தனை பெரிய மடல் என்று கேட்பவர்கள் அன்று கூடத்துக்கு வராதவர்களாக இருப்பார்கள்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இந்த ஊரில் நாடக சபை தொடங்கி, சிறுவர்களே நடிக்கிற பாய்ஸ் கம்பெனி நடத்தியவர். அந்த வழி வந்த, தனித்தனிக் கலைஞர்கள் ஒரு ராத்திரி மேடைக்கென்று ஒன்றுசேர்ந்து ஆடுகிற ஸ்பெஷல் நாடகத்துக்குச் சத்தம் பகை இல்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்ட் என்கிற தாளக் கருவிகளும் விடிய விடிய முழங்கும். வள்ளியும் முருகனும் தர்க்கம் செய்கையில் சுண்டல் விற்கிறவர் குரலையும் தாண்டிப் பேசக் கற்றவர்கள் அந்தக் கலைஞர்கள். உறவைப் பற்றிய பத்து நிமிஷ நாடகம் வேறு சாதி. அதில் நடக்கிற முக்கியமான காரியம் யாரும் பேசாத நேரத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் தலைக்கு மேலே பன்னிரண்டு ஃபேன் ஓடினால் நாடகம் இல்லை, வெறும் வசனம்தான் மிஞ்சும்.

மாமியாரும் மருமகளும் சின்ன வெங்காயம் உரிக்கிற நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் முன்னால் அரைக் கிலோ வெங்காயம், ஒரு முறம், ஒரு அலுமினியச் சட்டி. தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சுலபமாகக் கழன்றுவிடும். ஆனால் அந்தச் சரசரப்பு போய்விடும். அதனால் காய்ந்த வெங்காயம். உரிப்பதுபோல் பாவனை செய்தால் கை வேகம் வசனத்தின் பின்னால் ஓடும். நிஜமாக உரித்தால் வசனம் கைக்குக் கட்டுப்படும். நாடகத்தின் உச்சத்தில் மருமகள் கையை நிறுத்துகிறாள், மாமியார் நிறுத்தவில்லை. தோல் சரசரக்கிற அந்தச் சத்தம்தான் மாமியாரின் பதில். ஃபேன் ஓடியிருந்தால் அது கேட்டிருக்காது. அதைவிடக் கூத்து, முறத்துத் தோலெல்லாம் பறந்து முன் வரிசைக்காரர் மடியில் விழுந்திருக்கும்.

அண்ணன் கேட்டது நாடகப் பிரதியை. “சத்தமே இருக்கக் கூடாத எடம் எதுன்னு மட்டும் கோடு போட்டுக் குடுங்க தம்பி, அதுக்கு முந்தியே நான் கைய வச்சிர்றேன்” என்றார். முந்தியே என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுவிட்சைத் தட்டியவுடன் ஃபேன் நிற்காது. முழு வேகத்தில் ஓடுகிற இறக்கை சுற்றி ஓய ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். அமைதி வேண்டிய இடத்தில் தட்டினால், அமைதி முடிந்த பிறகுதான் ஃபேன் நிற்கும். ஆகவே ஒவ்வொரு நாடகத்திலும் ஒன்றரை நிமிஷம் முன்னதாக வருகிற ஒரு வசனத்தை அவருக்கு அடையாளமாகக் குறித்தோம்.

வரிசையையும் அவரே வகுத்தார். மேடையை ஒட்டிய நான்கு முதலில், நடுவில் உள்ளவை அடுத்து, நெருக்கியடித்து நிற்கிற கடைசி வரிசைக்குக் கடைசியில். “எல்லாத்தையும் ஒரே தட்டுல அமத்துனா, கரண்டு போச்சுன்னு சனம் மேல பாக்கும். அழைப்பிதழ எடுத்து விசிற ஆரம்பிச்சிரும். நாடகத்த யாரு பாக்கிறது?” நாடகம் முடிந்து கைதட்டு எழுந்ததும் பன்னிரண்டையும் முழு வேகத்தில் விட்டு, அடுத்தது தொடங்குகிற வரை கூடத்தை ஆற்றினார். நடுவில் உள்ள இரண்டு ஃபேனில் கண்டென்சர் இளைத்துப்போய் உறுமல் இருந்தது. புதுக் கண்டென்சர் இரண்டைத் தன் கைக்காசில் வாங்கி மாலை நான்கு மணிக்கே மாற்றிவிட்டார். காசைக் கொடுக்கப் போனவர்களைக் கிட்டவே விடவில்லை.

யாரும் கேட்காமல் அவர் செய்தவை இன்னும் இரண்டு. மேல்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் தானாக ஓடுகிற மோட்டார் அது. நாடகத்துக்கு நடுவில் ஓடிவிடக் கூடாதென்று முன்கூட்டியே தொட்டியை நிரப்பி, ஆட்டோமேட்டிக்கை அணைத்துவைத்தார். கைகழுவுகிற இடத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு வாஷர் கிடைக்கவில்லை. குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீர் துணி வழியே சத்தமில்லாமல் இறங்கியது. நாடக விளக்கமைப்பைப் படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கும் இது தோன்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மைக் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் இந்தத் தைரியத்தில்தான். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் மைக் வைத்தால், மெல்லப் பேசுகிற பேச்சும் நாலு பக்கமும் மோதித் திரும்பிவந்து குழம்பும். யார் பேசுகிறார் என்றே தெரியாது. தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, பக்கவாட்டுச் சுவரில் சாமியானாத் துணியைச் சுருக்கம் வைத்துத் தொங்கவிட்டதில் எதிரொலி பெருமளவு அடங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி இழுபடுகிற சத்தமும் இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் சுவரோரம் பெஞ்சு.

இந்த ஏற்பாட்டால் அதிகம் பிழைத்தது, பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த அக்காளின் தனிநடிப்பு. சார்பதிவாளர் அலுவலகம், பக்கத்தில் தம்பி நிற்பதாக வைத்துப் பேசுகிறாள். இந்துக் குடும்பத்தில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லும் நாடு முழுமைக்குமான சட்டம் 2005-லும் சொல்லிவிட்டன. அவளுக்கு அது தெரியும், தெரிந்துதான் வந்திருக்கிறாள். சட்டத்தை வசனமாக்கி முழங்காமல், பிறந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போக வழி வேண்டுமே என்ற ஒரு வரியில் எழுதியவர் நிறுத்தியது பெரிய கெட்டிக்காரத்தனம். டோக்கன் எண் கூப்பிட்ட பிறகு, பேனா மூடியைக் கழற்றுவதற்கும் நிப் தாளைத் தொடுவதற்கும் இடையில் அந்த நடிகை எடுத்துக்கொண்ட நேரம் இருபது விநாடி இருக்கும். கூடத்தில் ஒரு இருமல் இல்லை.

வெளியூர் மகனிடம் அப்பா போனில் பேசுகிற தனிநடிப்பும் நன்றாக வந்தது. போன் பேசுகிற நடிப்பு பெரும்பாலும் தோற்பது ஒரே இடத்தில்: எதிர்முனை பேசி முடிக்கிற அளவுக்குக்கூட நடிகர் பொறுப்பதில்லை. மகனின் வசனத்தையும் முழுசாக எழுதி மனப்பாடம் செய்து, மனசுக்குள் ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டும். அந்த நடிகர் அதைத்தான் செய்தார். மகன் என்ன சொல்லியிருப்பான் என்பது அவர் முகத்திலேயே கேட்டது. மற்ற மூன்றில் ஒன்று இன்னும் இரண்டு நிமிஷம் குறைய வேண்டும். எழுதியவரிடம் நேரிலேயே சொல்லியாயிற்று.

இனி மொத்தமாக ஒரு கும்பிடு. ஜமுக்காளம் கொடுத்த வீடுகள், சாமியானாவுக்கு வாடகை வாங்காதவர், கதவு நிலையை ஆட்டோ கூரையில் கட்டிக் கொண்டுவந்த தம்பி, பக்கத்துக் கோயில் குழாய் ஸ்பீக்கரை ஒன்பது மணி வரை வைகைப் பக்கம் திருப்பிவைத்த மைக்செட்காரர், இடைவேளையில் டீயைப் பேப்பர் கப்பில் கொடுத்துக் கண்ணாடி கிளாஸ் சத்தத்தைத் தவிர்த்த டீக்கடை அண்ணாச்சி, கைப்பேசியை நிஜமாகவே அணைத்துவைத்த நீங்கள்: எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அடுத்த முறை எந்தக் கூடம் அமைந்தாலும் பிரதியின் ஓரத்தில் விளக்குக்கு ஒரு பத்தி, ஒலிக்கு ஒரு பத்தி, ஃபேனுக்கு ஒரு பத்தி இருக்கும். ஒத்திகையின் முதல் நாளே அண்ணன் உட்கார நாற்காலி போடப்படும். வருகிறேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறார்.

நீலக் கரை போட்ட ஜமுக்காளம் இரண்டு, யார் வீட்டுடையது என்று தெரியாமல் டீக்கடையில் மடித்து வைத்திருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்தாயிற்று, ஒன்றில் மட்டும் வெங்காய வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
நாடகக் குழுவினர், மதுரை