டைல்ஸை உடைக்கும் முன் அந்த சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள்

எங்கள் குடியிருப்பு நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிறு பொதுக்குழுவில் நீச்சல் குளத்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் தீர்மானம் வரப்போகிறது. கொட்டேஷன் 7 லட்சத்துச் சொச்சம். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை மாற்றிவிடலாம் என்ற பேச்சும் கூடவே ஓடுகிறது. இரண்டையும் நிறுத்தி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எல்லோரும் படிக்கட்டும் என்று லிஃப்ட் பக்கத்திலும் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறேன்.

தண்ணீர் குறைவது உண்மைதான். பல மாதமாகக் குறைந்திருக்கும். ஆனால் மிதவை வால்வு தானாகவே நிரப்பிக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. டேங்கர் பில் ஏறிய பிறகுதான் குளத்தின் மேல் சந்தேகம் வந்தது. பார்க்க வந்தவர் டைல்ஸ் இடுக்கில் இரண்டு கீறலைக் காட்டி ‘இதுதான் சார்’ என்றார். பம்ப் ரூம் பக்கம் அவர் போகவே இல்லை. அவர் தொழில் டைல்ஸ், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் ஓய்வு பெறும்வரை பம்ப் செட்டோடு மல்லுக்கட்டியவன். கை சும்மா இருக்கவில்லை. மிதவை வால்வை அடைத்துவிட்டு, ‘இன்றைக்கு பேக்வாஷ் வேண்டாம்பா’ (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவதுதான் பேக்வாஷ்) என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, குளத்தின் இரண்டாம் படியில் ஒரு பக்கெட்டை வைத்தேன். பக்கெட்டுக்குள்ளும் குளத்து நீர்மட்டம் அளவுக்கே தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட்டேன். வெயிலில் ஆவியாவது இரண்டுக்கும் பொது. 24 மணி நேரத்தில் பக்கெட்டில் 6 மில்லிமீட்டர் குறைந்தது, குளத்தில் 3 சென்டிமீட்டர். வித்தியாசம் 2.4 சென்டிமீட்டர். நம் குளம் 12 மீட்டருக்கு 6 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1,700 லிட்டருக்கு மேல்.

மறுநாள் மோட்டாரை நிறுத்தி, பம்ப் ரூமுக்கு வரும் குழாயையும் குளத்துக்குத் திரும்பும் குழாயையும் அடைத்து வைத்தேன். அன்றைக்குப் பக்கெட்டும் குளமும் ஒரே அளவு இறங்கின. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தொட்டி ஒழுகினால் குழாயை அடைத்ததும் ஒழுக்கு நிற்குமா?

சரி, பம்ப் ரூமில் எங்கே? தரை காய்ந்துதான் கிடந்தது. ஃபில்டர் தொட்டியில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடி அடியில் கசிந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருக்கும். மூடி விளிம்பில் கசிந்தால் மூடியின் ஓ-ரிங். கழுத்தில், அதாவது வால்வு ஃபில்டர் தொட்டியோடு சேரும் இடத்தில் கசிந்தால் அங்குள்ள ரிங். இவையெல்லாம் தரையை நனைத்துத் தங்களையே காட்டிக்கொடுக்கும். நம் ஒழுக்கு அப்படிப்பட்டதில்லை. பேக்வாஷ் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் வேஸ்ட் குழாய் தரைக்குள் இறங்கி மழைநீர் வடிகாலில் சேருகிறது. வழியில் வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் ஒரு சேம்பர், அதன் மேல் பூந்தொட்டி. தொட்டியை நகர்த்தி மூடியைத் தூக்கினால், வால்வு ‘ஃபில்டர்’ நிலையில் இருக்கும்போதே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் அங்கே ஒரு சொட்டு வரக்கூடாது.

ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பார்த்தேன். மோட்டார் ஓடும்போது 30 விநாடியில் நிரம்பியது. நிறுத்திய பிறகும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு பாட்டில். பம்ப் ரூம் குளத்தைவிடத் தாழ்வில் இருப்பதால் தண்ணீர் தானாகவே இறங்குகிறது. மோட்டார் ஓடும் 10 மணி நேரத்துக்கு 1,200 லிட்டர், மீதி 14 மணி நேரத்துக்கு 560. கூட்டினால் 1,760. பக்கெட் சொன்ன கணக்கும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்த வால்வுக்குள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. ஸ்பைடர் கேஸ்கெட் என்பார்கள். ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட் என்று ஒவ்வொரு வழியையும் பிரித்து வைப்பது அந்த ஆரக்கால்கள்தான். மேலே ஒரு கனத்த ஸ்பிரிங் உள்தட்டை அதன்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியை அமுக்கினால் தட்டு லேசாக எழும்பும், அப்போதுதான் திருப்ப வேண்டும். மோட்டார் ஓடும்போது அப்படி எழுப்பினால், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் அந்த இடுக்கில் சீறிப் பாய்ந்து ரப்பரைக் காடியிலிருந்தே பிடுங்கிவிடும். ஒரு ஆரக்கால் மடங்கினால் போதும், அல்லது அதனடியில் நாலு மணல் நின்றால்கூடப் போதும், வேஸ்ட் குழாய்க்கு வழி திறந்துவிடும்.

அப்படியானால் தம்பி மேல்தானே தப்பு என்பீர்கள். மோட்டார் ஓடும்போதே திருப்பியதாக அவனே ஒப்புக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். “சார், மோட்டாரை நிறுத்தணும்னா பேனல் ரூம் தொறக்கணும். சாவி பி பிளாக் செக்யூரிட்டிகிட்ட. அவர் ரவுண்ட்ஸ் போயிருந்தா அரை மணி நேரம் நிக்கணும். அதுக்குள்ள காலையில நீந்த வர்றவங்க கத்துவாங்க.” கத்துகிறவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரஷர் கேஜைப் பார்த்தீர்களா? மோட்டார் நின்ற பிறகும் முள் 12-லேயே நிற்கிறது. செத்துப்போன கேஜ். மணல் சுத்தமாக இருக்கும்போது காட்டும் அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும் என்பது வழக்கம். முள் அசையாவிட்டால் அவன் எதை வைத்து முடிவெடுப்பான்? பயந்துகொண்டு தினமும் செய்கிறான். நம் மோட்டார் மணிக்கு 15,000 லிட்டர் தள்ளும், 3 நிமிட பேக்வாஷுக்கு 750 லிட்டர் போகிறது. தினமும் வால்வைத் திருப்பினால் ரப்பரும் தேயத்தான் செய்யும். தண்ணீர் தெளிந்ததா என்று காட்டும் கண்ணாடிக் குமிழ் பழுப்பேறிக் கிடப்பது தனிக்கதை.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது இதே குளத்தைக் காயவிட்டு, டேங்கருக்காக ராத்திரி முழுக்கக் கேட்டில் காத்துக் கிடந்தோம். அந்த நாட்களைப் பார்த்தவர்கள் இந்த சேம்பருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும், நான் பேச வேண்டியிருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். வால்வின் மாடல் எண்ணைப் பார்த்து அதற்கே உரிய கேஸ்கெட், ஒரு மூடி ஓ-ரிங், ஒரு புது கேஜ் வாங்கித் தாருங்கள். டைல்ஸ் கொட்டேஷனின் ஜிஎஸ்டி அளவுக்குக்கூட வராது. ஃபில்டர் பக்கத்திலேயே மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் வைக்க எலெக்ட்ரீஷியனைச் சொல்லுங்கள். இந்த சுவிட்ச் இல்லாமல் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் ஆறே மாதத்தில் மறுபடியும் மடல் எழுதுவேன்.

பிளம்பரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: பேனலில் எம்சிபி என்ற பிரேக்கர் சுவிட்சையே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் டைமர் நடுவில் மோட்டாரைக் கிளப்பிவிடும். இரண்டு குழாய்களையும் அடைக்காமல் மூடியைத் திறந்தால் குளமே பம்ப் ரூமுக்குள் வந்துவிடும். காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தையும் இறக்க வேண்டும். மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு, திரும்பப் பூட்டும்போது இடம் மாறாமல் இருக்க. ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும். வாஸ்லின் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கட்டும், அது பிளாஸ்டிக். உள்ளே தட்டோ காடியோ விரிசல் விட்டிருந்தால் கேஸ்கெட் உதவாது, வால்வையே மாற்ற வேண்டியிருக்கும். அப்போதும் 7 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு சேம்பர் மூடியைத் திறந்து வைத்திருப்பேன். செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கொரு பாட்டிலோடு வாருங்கள். தம்பியும் அங்கே இருப்பான்.

இப்படிக்கு,
சி பிளாக், மூன்றாம் தளத்துக்காரன்