லலித்பூரிலிருந்து ஒரு நன்றி மடல்

எங்கள் குழந்தைகள் இல்லத்துக்குத் துணை நிற்கும் அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

திஹார் பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. மாடிக் கைப்பிடியில் வாடாமல்லி மாலைகள் இன்னும் அப்படியே தொங்குகின்றன. இங்கே அதற்கு மக்மலி என்று பெயர், பாய் டீகா அன்று அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளின் கழுத்தில் போடுவது இந்த மாலையைத்தான், காய்ந்தாலும் நிறம் போகாது என்பதால் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. பெரிய பிள்ளைகள் வெயிலில் போர்வைகளை உதறிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை தசைன் பண்டிகைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், நடுவில் வெள்ளம் வந்துவிட்டது, அதனால் தள்ளிப்போயிற்று. இன்றைக்கு எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் பெயர்களைப் போடவில்லை, நீங்களே வேண்டாம் என்றீர்கள். பிள்ளைகளின் பெயரும் படமும் கூட இதில் இருக்காது, அது எங்கள் இல்லத்தில் ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. ஆனால் படிக்கும்போது யார் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்மாண்டு பள்ளத்தாக்கில், லலித்பூரில், நக்கு ஆற்றிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு மூன்று மாடி வாடகை வீடு. போன வருடம் 22 பிள்ளைகள், இப்போது 20 பேர், ஏன் இரண்டு பேர் குறைந்தார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சின்னவளுக்கு ஐந்து வயது, பெரியவனுக்குப் பதினேழு. பார்த்துக்கொள்ள நான்கு தீதிகள் (தீதி என்றால் அக்கா), சமைக்க ஒரு அண்ணன். கணவருக்கு இங்கே வேலை என்பதால் வந்த நான், மூன்று வருடமாக இந்த இல்லத்தின் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்க்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்கள். ஒரு டம்ளர் டீ, அப்புறம் தண்ணீர் வரிசை. தண்ணீர் என்பது இங்கே பெரிய விஷயம், டாங்கர் வரும் நாள், வராத நாள் என்று வாரமே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். எட்டரை வரை படிப்பு. ஒன்பது மணிக்கு தால் பாத், அதாவது சோறும் பருப்பும் கடுகுக் கீரையும், ஒரு வேளைக்கு நான்கு கிலோ அரிசி போகும். பத்து மணிக்குப் பள்ளி. நாலு மணிக்குத் திரும்பியதும் அவல், ராத்திரி மறுபடி தால் பாத். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் தலைக்குக் குளிப்பது, துணி துவைப்பது, கறி சமைப்பது எல்லாமே அன்றைக்குத்தான். இந்த வேலைகள் எதுவும் ஒரு நாள்கூட நிற்காமல் நடந்தால்தான் பிள்ளைகள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரே தீதி ஒரே நேரத்தில் ஒரே குரலில் எழுப்ப வேண்டும். அந்த நான்கு தீதிகளின் சம்பளத்தை இந்த வருடம் ஒரு மாதம்கூடத் தாமதம் இல்லாமல் கொடுத்தோம் என்றால் அது உங்களால். "சம்பளத்துக்கா, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கித் தரலாமே" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்கு முதல் நன்றி.

இரண்டாவது நன்றி கொஞ்சம் கஷ்டமானது. வராமல் இருந்ததற்கு நன்றி.

எங்கள் சின்னவள் புதிதாக யார் வந்தாலும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு உருகிவிடும், எவ்வளவு பாசமான குழந்தை என்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்ணிடம் பெயர் கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்தபடி முதல் கேள்வியாக, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். பதினைந்து நாள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள். ஐந்து வயதுக் குழந்தை. இரண்டு வாரம் ஒருவர் தூக்கி வைத்திருப்பார், போய்விடுவார், இன்னொருவர் வருவார், அவரும் போய்விடுவார். அப்படி எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர்.

அதற்கப்புறம்தான் தீதிகளோடு உட்கார்ந்து பேசி அந்த முடிவை எடுத்தோம். குறுகிய காலத்துக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, தூக்கிக் கொஞ்சுவது வேண்டாம், பின்னால் இருக்கும் வேலைகளில் உதவட்டும் என்று. அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. பாதிப் பேர் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். விடுமுறை எடுத்து, டிக்கெட் போட்டு, பொம்மை வாங்கி வைத்தவர்களிடம் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனது வலிக்காது? உங்களுக்கும் வலித்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றீர்கள்.

அதில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு விளையாடத்தான் அவர் ஜனவரியில் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, என்ன வேலை இருக்கு?" என்றார். கீழ்த்தளத்து இரும்பு அலமாரியைக் காட்டினேன். 22 பிள்ளைகளின் கோப்புகள். பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, தடுப்பூசி அட்டை, வார்டு அலுவலகக் கடிதம், பாதி கிழிந்தவை, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒழுங்காக அடுக்க வேண்டும். காட்மாண்டு ஜனவரியில் காலை நேரத்தில் இரண்டு மூன்று டிகிரிதான் இருக்கும், அந்த அறையில் வெயிலும் வராது. பதினோரு நாள் விரல் நுனி வெட்டிய கையுறையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். தேதிகள் எல்லாம் விக்ரம் சம்வத்தில் இருக்கும், நம் வருடக் கணக்கைவிட ஏறக்குறைய 57 வருடம் முன்னால் ஓடுவது, அதனால் ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு தேதியையும் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்தார்.

ஏழாவது நாள் என்னைக் கூப்பிட்டார். ஒரு பையனின் கோப்பு. ஹும்லாவிலிருந்து ஆறு வயதில் வந்தவன், இப்போது பதினான்கு. அம்மா அப்பா இருவரும் இறந்துவிட்டதாக 2072ஆம் வருடத் தேதியிட்ட ஒரு கடிதம் இருந்தது. அதே கோப்பில், வேறொரு தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, அவன் ஊர்ப் பள்ளியில் மாற்றுச் சான்று வாங்கியபோது எழுதிய விண்ணப்பம் இருந்தது. தேதி 2073. அடியில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் கோணல்மாணலாக 'அம்மா' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

இறந்துபோனதாகச் சொல்லப்பட்டவர் ஒரு வருடம் கழித்து ரேகை வைத்திருக்கிறார்.

இது நேபாளத்தில் புதிய கதை இல்லை. 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது ஹும்லா மாதிரித் தொலைவான மலை மாவட்டங்களிலிருந்து, நல்ல படிப்புத் தருகிறோம் என்று சொல்லி, தரகர்கள் பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் காட்மாண்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அநாதை என்று காகிதம் தயாரானது. போர் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. 2015 நிலநடுக்கத்துக்குப் பின் இது மறுபடி பெருகிவிடும் என்று பயந்து, அனுமதி இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் அழைத்துப்போகவே அரசு தடை போட்டது. இங்கே 2018இல் வந்த குழந்தைகள் சட்டமும், அதற்கு முன் 2009இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன: குடும்பம், உறவு என்று எல்லா வழியும் பார்த்த பிறகு கடைசி வழியாகத்தான் இல்லம் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கும் படித்துத் தெரியும். ஆனால் அந்த ஊதா ரேகையைப் பார்த்த அன்றைக்குத்தான் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே, எங்கள் அலமாரிக்குள்ளேயே இத்தனை வருடம் இருந்தது உறைத்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் இங்குள்ள சமூகப் பணியாளரின் உழைப்பு. வார்டு அலுவலகத்துக்கு எத்தனை போன், எத்தனை கடிதம். மே மாதம் அம்மா கிடைத்தார். ஹும்லாவின் தலைமையிடமான சிமிகோட் வரை நடந்து வந்து, வீடியோ அழைப்பில் உட்கார்ந்தார். அப்பா இறந்தது உண்மைதான்.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை மழை நிற்கவே இல்லை. 28ஆம் தேதி விடியும்போது கீழ்த்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர். பிள்ளைகள் மேல் மாடிகளில் தூங்குகிறவர்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு நாள் மழையில் நேபாளத்தில் இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள், நக்கு ஆற்றங்கரையிலேயே மனிதர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள், அதனால் எங்கள் இழப்பைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு, மூன்று மூட்டை அரிசி, தண்ணீர் மோட்டார் போயிற்று. இரும்பு அலமாரி சாய்ந்து, உள்ளே இருந்த அத்தனை கோப்பும் சேற்றில் ஊறிக் கூழாகிவிட்டது.

ஆனால் ஒரு தாளைக்கூட நாங்கள் இழக்கவில்லை. பதினோரு நாள் குளிரில் உட்கார்ந்தவரே, இதை நீங்கள் படிக்கும்போது உங்களுக்குப் புரியும். இங்கே பதினாறு வயதில் குடியுரிமைச் சான்று எடுக்கலாம், பிறப்புப் பதிவு இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்து எந்தக் கதவும் திறக்காது. உங்கள் ஸ்கேன் நகல்களை வைத்துத்தான் இப்போது ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் மறுபிரதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். ஏழு வந்துவிட்டன.

வெள்ளத்தன்று மதியத்துக்குள் பணம் அனுப்பியவர்கள், நன்றி. இந்திய ரூபாய் 100 இங்கே 160, நிலையான மாற்று விகிதம் என்பதால் எவ்வளவு வரும் என்று உடனே தெரிந்தது, அன்று சாயங்காலமே அரிசியும் குடிதண்ணீர் ஜாடிகளும் வாங்கிவிட்டோம். எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க, முதலில் மெயினை அணையுங்க என்று போனிலேயே இரண்டு மணி நேரம் கூட இருந்த மின் பொறியாளர் அண்ணாவுக்கும் நன்றி. கணக்குகளைத் தணிக்கை செய்து, நான் விட்ட இரண்டு தவறுகளைப் பொறுமையாகச் சுட்டிக்காட்டிய ஐயாவுக்கும்.

எஸ்.இ.இ. தேர்வுக்கு, அதாவது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு, ஆன்லைனில் கணக்கு சொல்லித்தரும் மூன்று பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நேபாள நேரம் இந்திய நேரத்துக்குக் கால் மணி முன்னால் என்பதால் முதல் மாதம் பூராவும் ஒருவர் காத்திருக்க இன்னொருவர் ஓடிவருவதாக இருந்தது. இப்போது பிள்ளைகளே சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக அதே மூன்று முகம், அதே செவ்வாய், அதே வியாழன். உங்களிடம் யாரும் "எத்தனை நாள்?" என்று கேட்டதில்லை, கவனித்தீர்களா?

சரி, அந்த இரண்டு பேர். சிந்துபால்சோக் மாவட்டத்தைச் சேர்ந்த அக்காவும் தங்கையும் ஜூன் மாதம் பாட்டியிடமே திரும்பிவிட்டார்கள். அவர்களை இங்கே கொண்டுவந்தது வறுமை மட்டும்தான், பாட்டிக்குப் பேத்திகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. மாதம் 8,000 நேபாள ரூபாய் கிடைத்தால் வீட்டில் வைத்தே படிக்கவைப்பேன் என்றார். பிள்ளைகள் இல்லத்தில் இல்லையே, இனி எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருக்கலாம், கேட்க நியாயமும் உண்டு. அவர்களை ஆதரித்து வந்த குடும்பம் ஒரே வரியில் பதில் எழுதியது: "இப்பத்தான் சந்தோஷமா கொடுக்கிறோம்." போன மாதம் சமூகப் பணியாளர் போய்ப் பார்த்தார். தங்கை நான்காம் வகுப்பு, அக்கா ஆறாம் வகுப்பு, இருவரும் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஹும்லா பையன் தசைனுக்கு ஊருக்குப் போய் வந்தான். எங்கள் சமையல் அண்ணன் துணைக்குப் போனார். நேபாள்கஞ்சுக்கு ராத்திரி பஸ், அங்கே மேகம் விலகாமல் இரண்டு நாள் விமானம் இல்லை, அப்புறம் சின்ன விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஒன்றரை நாள் நடை. இந்தச் செலவைப் பகிர்ந்துகொண்ட ஆறு பேருக்கு, என்ன நடந்தது என்று சமையல் அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அம்மா பேசும் கர்ணாலிப் பக்கத்து நேபாளி அவனுக்குப் பாதிதான் புரிந்ததாம். முதல் நாள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லையாம். அவன் போய் விறகு பிளக்க ஆரம்பித்தானாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிளந்ததை அடுக்கிக்கொண்டே இருந்தாராம். விஜயதசமி அன்று தயிரும் அரிசியும் குங்குமமும் கலந்து நெற்றியில் டீகா வைத்தபோது, எட்டு வருட டீகாவும் சேர்த்து என்று சொல்லி நெற்றி நிறைய அப்பிவிட்டாராம்.

பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை இங்கே, விடுமுறைக்கெல்லாம் அங்கே என்று அவனும் அம்மாவும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். வரும்போது ஒரு பை நிறைய அக்ரூட் கொட்டை கொண்டுவந்தான், அவர்கள் வீட்டு மரத்தில் காய்த்தது. இங்கே எல்லோருக்கும் பங்கு போட்டான். அப்புறம் என்னிடம் வந்து, உதவி செய்கிறவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டான். பதினாறு என்றேன். தலைக்கு இரண்டு என்று முப்பத்திரண்டை எண்ணி, சமையலறை மேல்தட்டில் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறான். ஓட்டோடு இருக்கிறது, கெட்டுப்போகாது. இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிள்ளைகளும் தீதிகளும் சமையல் அண்ணனும் நானும்