முதல் புத்தகத்துக்கு முந்திய வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் ஞாயிறு இதழில் மலையகத்து நூல் வெளியீட்டு விழாப் படங்கள் அடிக்கடி வருகின்றன. அந்தப் படங்களில் நிற்கும் இளம் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத்தாளராவதென்றால் சொந்தக் காசில் ஒரு புத்தகம் அடித்துவிடுவது என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சங்கிலியை அடகு வைக்கிறார்கள், சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுக்கிறார்கள், வட்டிக்கு வாங்குகிறார்கள். இது நிற்க வேண்டும். நிறுத்துவதில் தங்கள் பத்திரிகைக்கும் பங்கு இருக்கிறது.

நான் ஹட்டனில் அச்சகத் தொழில் பார்த்து ஓய்ந்தவன். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்தேன். பிறகு ஒப்புநோக்குநர். கணினி வந்ததும் பக்கம் அமைக்கும் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்தினேன். கல்யாணக் கார்ட், தேர்த் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றுக்கும் நடுவே கவிதைத் தொகுதியும் சிறுகதைத் தொகுதியும் வரும். எழுதியவருக்கு அடுத்தபடியாக அதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை வாசித்த ஒரே ஆள் பல தடவை நான்தான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன். வேறு பட்டம் எனக்கில்லை.

அப்படி வந்த கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவற்றுக்குத் திறமை குறைவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தின் குளிர், மட்டக்கம்பை வைத்துத் தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கிற கை, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் படுத்திருக்கிற கிழவியின் இருமல், எல்லாம் இருக்கும். இல்லாதது ஒன்றுதான். இந்தக் கதையை இன்னொருவர் கடுமையாக வாசித்து, “இங்கே நிற்கிறது, இங்கே விழுகிறது” என்று சொல்லி, எழுதியவர் மறுபடி உட்கார்ந்து எழுதியதற்கான அடையாளம். முதலில் எழுதியதே அச்சுக்கு வந்துவிடுகிறது. அச்சான பிறகு அதைத் தொட முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கட்டுநாயக்கவில் தையல் வேலை. தீபாவளி லீவுக்கு வந்திருந்தாள். “தாத்தா, ஒரு கதப் புத்தகம் போட எவ்வளவு முடியும்?” என்று கேட்டாள். ஓர் அச்சகத்தில் ஏற்கெனவே விசாரித்திருக்கிறாள். முந்நூறு பிரதிக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். அச்சகக்காரர்மீது எனக்குக் குறையில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கடதாசி விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. ஆனால் 2024இல் நிர்ணயித்து அப்போது இருந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். அவளுடைய அம்மா ஏறக்குறைய 150 நாள் வேலைக்குப் போய்ப் பேர் போட்டால்தான் அந்தக் காசு. அதுவும் ஒரு சதம் சாப்பாட்டுக்கு எடுக்காமல்.

“கதைய குடும்மா, மொதல்ல பாப்போம்” என்றேன். எல்லாம் கைத்தொலைபேசியில் தட்டியவை. அச்சகத்தில் அதைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. அதைச் சரிசெய்துவிடலாம். கதைகளில் இரண்டு அசலானவை என்று வாசித்தவுடனே தெரிந்தது. ஒன்று காம்பராவை, அதாவது தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயம் என்ற வரிசை வீட்டின் அறையைப் பற்றியது. அம்மாவுக்கு வயது முடிந்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டப் போகிறார்கள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் காம்பராவைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறார்கள். இது நம் வீடுகளில் நடப்பது. வெளியே இருந்து வருகிற யாருக்கும் எழுத வராது. ஆனால் கதையின் முடிவில் அம்மா இரண்டு பக்கத்துக்கு உரிமை, சுரண்டல், விடிவு என்று பேசுகிறாள். அந்த அம்மா அப்படிப் பேசமாட்டாள் என்று எழுதிய பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். கதை என்றால் இப்படித்தான் முடியவேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

“தங்கச்சி மொத நாள் கொழுந்து நிறுக்கப் போனப்ப என்னா நடந்துச்சு?” என்று கேட்டேன். சாக்கு நிறை, தண்ணி நிறை என்று கழித்துவிட்டு எண்ணைச் சொன்னார்களாம். தங்கை திரும்பி அம்மாவைப் பார்த்தாளாம். அம்மா பார்க்காத மாதிரித் தலையை மூடியிருந்த கொங்காணியைச் சரிசெய்துகொண்டிருந்தாளாம். அவள் சொல்லி முடித்ததும் நான் ஒன்றும் பேசவில்லை. அவளே அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தாள். அடுத்த லீவில் வந்தபோது கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தடி நிறுவையோடு கதை முடிந்திருந்தது. பத்துப் பக்கம் ஆறாகியிருந்தது. அதை வாசித்துவிட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து எழும்பி வந்து, “யாரு எழுதுனது?” என்று கேட்டாள். என்னைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை எழுத்தாளரானது அப்போதுதான். புத்தகம் இன்னும் வரவில்லை. அவசரமுமில்லை.

மலையகத்தில் இந்த வழி புதிதல்ல. 1960களில் பத்திரிகைகள் மலையகத்துக்கென்று பக்கம் ஒதுக்கின. வீரகேசரி மலையகச் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்ற நூலாக வந்தன. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் தினகரனில் வந்த கதை. அவருடைய தொகுதி வந்தது 1980இல். தெளிவத்தை என்ற தோட்டப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட ஜோசப் அவர்களும் 1960களிலேயே எழுதி அறியப்பட்டவர். முதல் சிறுகதைத் தொகுதி 1979இல்தான் வந்தது. இவ்வளவு காலம் காக்கவைத்தது நல்லது என்று நான் சொல்லவரவில்லை. புத்தகம் போட அவர்களுக்கு வசதி கிடைக்காததும் ஒரு காரணம், அது அநியாயம். ஆனால் புத்தகம் இல்லாத அந்த ஆண்டுகளிலும் அவர்கள் எழுத்தாளர்கள்தான். வாசகருக்கும் தெரியும், பத்திரிகைக்கும் தெரியும். கதை கதையாக வெளியே வந்து, நல்லதும் கெட்டதும் கேட்டு வளர்ந்தவர்கள்.

இன்றைக்கு நடப்பது தலைகீழ். ஒரு கதையும் எங்கும் வெளிவராத பிள்ளை பதினைந்து கதையோடு நேரே தொகுதிக்கு வருகிறது. விழாவன்று முதல் பிரதி ஒரு வர்த்தகருக்கு, பிறகு சிறப்புப் பிரதிகள். வந்தவர்கள் கடித உறையில் கொடுப்பது மண்டபத்துக்கும் தேநீருக்கும் போக அச்சுக்கூலியில் ஒரு பகுதியை அடைக்கும். மிச்சப் பிரதிகள் லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எங்கள் பக்கத்தில் மே, ஜூனில் மழை பிடித்தால் சுவரே வேர்க்கும். ஒரே பருவத்தில் அட்டையில் பூஞ்சணம் ஏறிவிடும். அந்தக் கட்டுகளைப் பிரித்துக் காட்டி, “எங்கயாச்சும் குடுக்க முடியுமா அண்ணே?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் எழுதவேயில்லை. அவனிடம் திறமை இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

புத்தகம் போட்டே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு அச்சகக்காரனாக ஒரு யோசனை சொல்வேன். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அதில் ஒரு நல்ல கதை தாராளமாக அடங்கும். அந்த ஒரு கதையை மட்டும் சிறு பிரசுரமாக அடியுங்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரும் துணைவியார் மீனாட்சி அம்மையும் துண்டுப்பிரசுரத்தையும் பாட்டையும் கொண்டுதான் தோட்டத்து மக்களிடம் போனார்கள். அம்மையார் கூட்டங்களில் தாமே பாடினார். தடித்த அட்டை இல்லையென்று அந்தப் பாட்டு நிற்கவில்லை. ஒரு பிரசுரம் கையில் இருந்தால் பிரட்டுக் களத்தடியில் கொடுக்கலாம், பேருந்தில் கொடுக்கலாம், வாசித்தவர் மறுநாள் வந்து முகத்துக்கு நேரே சொல்லுவார். கடனும் ஏறாது.

இன்னொன்றும் இளம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகம் போட்டு ‘பதிந்தால்தான்’ கதை தங்களுக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பயத்தைக் காட்டிக் காசு கேட்பவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை எழுதியவருடையது. பதிவு தேவையில்லை. அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். தேசிய நூலகம் வழங்கும் சர்வதேச தராதர நூல் இலக்கம் (ISBN) நூலை அடையாளம் காண்பதற்கானது. உரிமையைக் கொடுப்பது அதுவல்ல.

வாசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று இருந்தேன். ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்த மனிதர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் ஊருக்குப் பக்கத்திலேயே எழுத வருகிற பிள்ளைகளில் பலர் அவருடைய ஒரு வரியும் வாசித்ததில்லை. பழைய நூல் கிடைக்காது என்பது ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கு ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து, மலையக நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் கைத்தொலைபேசியிலேயே காசில்லாமல் வாசிக்கலாம். 2005 முதல் சேர்த்து வருகிறார்கள். நமக்கு முன்னே கொழுந்து மடுவத்தை யார் எப்படி எழுதினார் என்று தெரியாமல் நாமும் எழுதினால், அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து எப்படிப் போவது?

ஐயா, இனித் தங்களிடம் கேட்பது.

மலையகத்திலிருந்து புதிதாக எழுதுகிறவர்களின் கதை பிரசுரத்துக்கு ஏற்றதில்லை என்றால், ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரே ஒரு வரி. ஆசிரிய பீடத்தில் ஆட்கள் குறைந்திருப்பது எனக்குத் தெரியும். அதே தொழிலில் இருந்தவன். ஆனாலும் அனுப்பிய கதைக்கு மாதக்கணக்கில் பதிலே வராவிட்டால் அந்தப் பிள்ளை நேரே அச்சகத்துக்குத்தான் போகும். திருத்தி மறுபடி அனுப்புகிற கதையை இரண்டாந்தரம் வாசியுங்கள். பிரசுரமானால் சிறு தொகையாவது கொடுங்கள். தபால் செலவுக்குக் காணாத தொகையாக இருந்தாலும், அந்தப் பிள்ளை தன் வேலைக்குக் கூலி வந்ததை வீட்டில் காட்டும். அடுத்த கதை எழுத உட்கார்ந்தால் அம்மா விளக்கை அணைக்கச் சொல்லமாட்டாள்.

வெளியீட்டு விழாச் செய்தியிலும் ஒரு மாற்றம் வேண்டும். தலைமை தாங்கியவர், விளக்கேற்றியவர், பொன்னாடை போர்த்தியவர் பெயர்களோடு செய்தி முடிந்துவிடுகிறது. நூலில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல் இருப்பதில்லை. நாலு விருந்தினர் பெயரைக் குறைத்துவிட்டு, ஒரு கதையைப் பற்றி நாலு வரி போடுங்கள். குறை இருந்தால் குறையையும் போடுங்கள். நம் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று பலர் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில், யாரும் வாசிக்கவில்லை என்பதைத்தான் அவர்கள் தாங்குவதில்லை.

தாங்கள் இப்படியொரு ஏற்பாடு செய்தால் நானும் வேலை செய்ய ஆயத்தம். எனக்குக் கூலி வேண்டாம். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வரும் கதைகளை எனக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்த்து, விழுகிற இடத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புவேன். என்னைப் போல ஓய்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் பதுளை, பண்டாரவளை, மாத்தளையிலும் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள். என் முகவரியைத் தங்கள் காரியாலயத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மார்ச் மாதத்துக்குள் தொடங்கினால் நல்லது. புதுவருட லீவுக்குக் கொழும்பிலிருந்தும் கட்டுநாயக்கவிலிருந்தும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது பதில் கையில் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் ஒருவர்,
ஹட்டன்.